அறுப்பு மிஷினுக்கு ஒரு ஆட்டம்

'மானம் கறுத்துக்கிட்டு வருது. அறுப்பு மிஷின் வந்து நிக்குது. இப்பப் போயி சீட்டாடிக்கிட்டு இருக்கீங்களே, நல்லாருக்கா?'

வானதி இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. மனசுக்குள்தான் கேட்டாள். இடுப்பில் பிள்ளை, கையில் டீத் தூக்கு. வேற்று ஆம்பிளைகள் முன்னால் அவளுக்குப் பேச்சே வராது.

மோட்டார் கொட்டகைக்குள் அவள் புருஷன் ராஜ்குமார், பக்கத்து வயல் பஞ்சநதம், அதற்கடுத்த வயல் மூஸா பாய். மூன்று பேரும் போனில் போக்கர் ஆடிப் பழகியவர்கள். அஞ்சு, பத்து வைத்து ஆடுவார்கள். போனால் ஒரு டீக்காசு, அவ்வளவுதான்.

ஆவணியில் புதுச் சட்டம் வந்தது. காசு வைத்து ஆடுகிற ஆப்பெல்லாம் பட்டென்று நின்றுபோயின. அன்றைக்கு வானதி மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டாள்.

ஆனால் விட்டதா? மூன்று பேரும் சீட்டுக்கட்டு வாங்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். காசுக்குப் பதில் புளியங்கொட்டை.

"புளியங்கொட்டைக்கு ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமாய்யா? உப்பில்லாப் பண்டம்!" என்று பஞ்சநதம் புலம்பாத நாளில்லை.

மிஷின் டிரைவர் கொட்டகைக்குள் தலையை நீட்டினார்.

"யாரு வயலு மொதல்ல? சீக்கிரம் சொல்லுங்க. மழைக்குள்ள ஒரு வயலு அறுத்தாலே பெரிசு."

"பஞ்சநதம் அண்ணன் வயல்ல விடுங்களேன். பயிரு சாஞ்சு கெடக்கு" என்றார் மூஸா பாய்.

பஞ்சநதத்துக்கு வந்ததே கோபம்!

"ஏன், நான் என்ன பாவப்பட்டவனா? மிஷினுக்குச் சொல்லி வெச்சவன் ராஜ்குமாரு. மொத முறை அவனுக்குத்தான். எனக்கு ஒருத்தரும் இரக்கப்பட வேணாம்."

வானதிக்கு நெஞ்சு குளிர்ந்தது. நியாயமான மனுஷன்!

அப்போதுதான் ராஜ்குமார் வாயைத் திறந்தான்.

"அண்ணே, ஆட்டத்துல உப்பில்லைன்னீங்கள்ல? மொத முறையை வெச்சு ஆடுவோம். ஒரே ஆட்டம். வர்றீங்களா?"

வானதி டீத் தூக்கைத் தொப்பென்று கீழே வைத்தாள். குத்தகை நிலம். வருஷத்துச் சோறு அதில்தான் நிற்கிறது. அதை வைத்தா சூதாட்டம்?

பஞ்சநதத்தின் கண் பளபளத்தது. "நெசமாத்தான் சொல்றியா? அப்புறம் பேச்சு மாறக் கூடாது!"

"மாற மாட்டேன்."

"சட்டத்துல காசுதானய்யா வெக்கக் கூடாது? மிஷினை வெக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே மூஸா பாய் சீட்டைக் கலைத்தார்.

ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் ஐந்து சீட்டு ஒவ்வொன்றாகத் திரும்பியது. ஒரு ஆஸ். ஒரு ராஜா. மற்றதெல்லாம் உதிரி.

வானதி புருஷன் முகத்தைப் பார்த்தாள். கல்லு மாதிரி இருந்தது. போனில் ஆடுகிற காலத்தில் கையில் ஒரு ஆஸ் வந்தாலே கட்டில் ஆடும். பக்கத்தில் படுத்துப் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே அவளும் ஆட்டத்தைப் படித்துவைத்திருந்தாள். இன்றைக்கு இவர் கையில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. போச்சு!

பஞ்சநதம் புளியங்கொட்டை மொத்தத்தையும் நடுவில் தள்ளினார். "அம்புட்டும்! வாங்கடா, யாரு வர்றீங்க?"

"நமக்கு வேணாம்ப்பா" என்று மூஸா பாய் சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை விட்டார். இனி ராஜ்குமாரும் விட்டால், கையில் என்ன இருந்தாலும் பஞ்சநதத்துக்குத்தான் ஜெயம்.

ராஜ்குமார் யோசித்தான். தூரத்தில் இடி உருண்டது.

'விட்டுடாதீங்க... விட்டுடாதீங்க...' வானதி மனசுக்குள் கெஞ்சினாள்.

ராஜ்குமாரும் சீட்டைக் கவிழ்த்தான். "நீங்களே எடுத்துக்குங்கண்ணே."

பஞ்சநதம் தன் சீட்டைப் பட்டென்று திருப்பிப் போட்டார். ஏழு, ரெண்டு!

"ஒண்ணுமே இல்லடா! ஒண்ணுமே இல்லாம உங்க ரெண்டு பேரையும் அடிச்சேன்டா!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்புக்கு ஓடினார். "டிரைவரே, எடுங்க வண்டியை! என் வயலுக்கு!" மிஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது.

வானதிக்குக் கண்ணில் நீர் முட்டியது. போனோடு ஒழிஞ்சுதுன்னு மாவிளக்குப் போட்டேனே, தாயே!

தூறல் விழுந்தது. சாரல் உள்ளே அடித்துச் சீட்டு நனையுமே என்று பிள்ளையை இறக்கிவிட்டு உட்கார்ந்து பொறுக்கினாள். புருஷன் கவிழ்த்த இரண்டையும் எடுத்துத் திருப்பினாள்.

ஆஸ். இன்னொரு ஆஸ்.

நடுவில் கிடப்பதோடு சேர்த்தால் மூன்று!

பாய் போட்டதைத் திருப்பினாள். ராஜா. நடுவிலும் ராஜா. ஜோடி!

நிமிர்ந்து பார்த்தாள். ராஜ்குமார் அவளைப் பார்க்கவில்லை. பஞ்சநதத்தின் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கதிரெல்லாம் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. இன்னொரு மழை விழுந்தால் நெல் முளைத்துவிடும். தங்கள் பயிர் இன்னும் நிமிர்ந்துதான் நின்றது.

"இரு, இரு!" பஞ்சநதம் மூச்சு வாங்கத் திரும்பி ஓடி வந்தார். "எதை வெச்சுக்கிட்டுடா விட்டே? காட்டு, பாப்போம்!"

குனிந்து கையை நீட்டினார். ராஜ்குமாரின் முகம் வெளுத்தது.

வானதி எல்லாச் சீட்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சரசரவென்று கலைத்தாள். அவளுக்கே தெரியாமல் குரல் கணீரென்று வந்தது.

"அதை ஏன்ண்ணே கேக்குறீங்க, எல்லாம் குப்பை! ஏழையும் ரெண்டையும் வெச்சுக்கிட்டு இவரை நல்லா ஏமாத்திட்டீங்க. போங்க போங்க, மிஷின் உங்க வயல்ல எறங்கிடுச்சு!"

"பாத்தியா! ஆட்டம்னா இது ஆட்டம்!" பஞ்சநதம் துள்ளிக்கொண்டு ஓடினார்.

மூஸா பாய் தூக்கிலிருந்து டீயை ஊற்றி ஒரு வாய் உறிஞ்சினார்.

"தம்பி, நம்ம ரெண்டு பேரையும்விட உன் வீட்டுக்காரி நல்லா ஆடுதுப்பா."