ஜெசிந்தாவின் முதல் பயணம்

தீவைப் பார்க்க வரும் பயணிகள் அதன் நினைவை முழுக்க அழித்துவிட்டுத்தான் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். தீவுக்காரர்கள் போட்ட நிபந்தனை அது. தூத்துக்குடி ஜெசிந்தா அதற்குச் சம்மதித்து, முதன்முறையாக வருகிற பரபரப்போடு கரையிறங்கினார்.

மணலில் காத்திருந்த தீவுப் பெண் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கக்கா! சொகமா இருக்கியளா?"

அச்சு அசலாக அவர் ஊர்ப் பேச்சு. ஜெசிந்தா திகைத்துப் போனார்.

"ஒனக்கு யாரு தமிழ் சொல்லித் தந்தா?"

"நீங்கதான். வருசா வருசம் வந்து சொல்லித் தாறியளே!"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு பொங்கியது.

"சரி, இந்தத் தடவ என்ன பாடம்?"

"தாலாட்டு." அவள் தன் நிறைவயிற்றைத் தடவினாள்.

"பாடுதேன். ஆனா கப்பலேறுனா எனக்கு மறந்துருமே பிள்ள."

"அதுக்கென்ன? அடுத்த வருசம் நான் பாடிக் காட்டுதேன். யாரு சொல்லித் தந்தான்னு மறுபடியும் கேளுங்க."