காலி லாரியின் எடை

எண்ணெய்க் கிணறுகளில் எண்ணெயோடு சேர்ந்து மேலே வரும் உப்புத்தண்ணீரை, லாரிகள் இங்கே கொண்டுவந்து எண்ணெய் வற்றிய ஒரு பழைய கிணற்றுக்குள் இறக்கிவிட்டுப் போகும். வரும்போது ஓர் எடை, காலியாகத் திரும்பும்போது ஓர் எடை. எடைமேடையில் வேலை பார்க்கும் அவள்தான் இரண்டையும் போடுகிறவள்.

ஏழாம் நம்பர் லாரி மட்டும் முழுக்கக் காலியாவதே இல்லை. வண்டியின் சொந்த எடையையும் டீசலையும் கழித்தாலும் கொஞ்சம் மிஞ்சும். டிரைவரின் மகள் மூன்று வயதில் காய்ச்சலில் இறந்த மறுவாரம் மிஞ்சியது பதினைந்து கிலோ. ஏழு வருடத்தில் அது இருபதாகி, இருபத்தைந்தாகி, முப்பதைத் தொட்டது. மெக்கானிக் எடைமேடையைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டான்.

டிரைவர் காரணம் கேட்டதில்லை. "எவ்ளோ தங்கச்சி?" என்பார். சொன்னதும் முகம் மலர்ந்து போவார்.

இன்று இருபத்தைந்துதான் காட்டியது. பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"அஞ்சு கிலோவா குறைஞ்சிருக்கு?" அவர் லாரியைத் திரும்பிப் பார்த்தார். "நேத்து மழையில ஜன்னலைத் தொறந்தே வச்சிட்டேன் தங்கச்சி."

"வளர்ற வயசுல இளைக்கிறது சகஜம்ண்ணே. என் பொண்ணும் இப்படித்தான் இருந்தா. நாலு நாள்ல தேறிடும்."

அவர் தலையாட்டினார். லாரியைச் சுற்றிப் போய், பக்கத்து இருக்கையின் ஜன்னல் கண்ணாடியை இறுக்கமாகச் சுழற்றி ஏற்றிவிட்டு வந்து வண்டியை எடுத்தார்.

லாரி வாசலைத் தாண்டும்போது அந்தக் கண்ணாடி, மெல்ல மெல்ல, பாதிவரை இறங்கியது. டிரைவரின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன.