அலறாத பெட்டி

எச்சரிக்கைப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியதும் திரையில் துள்ளிக்கொண்டிருந்த கோடு அடங்கியது. சனியன் ஒழிந்தது என்று ராஜஸ்ரீ பெருமூச்சு விட்டாள்.

அறையில் ஆக்சிஜன் குறைந்தால் அலற வேண்டிய அந்தச் சுவர்ப்பெட்டி காலையிலிருந்து சும்மா சும்மா அலறி உயிரை வாங்கியது. அது அலறும்போதெல்லாம் அளவீடு குளறுபடியானது.

"அது கேடாயிடுச்சு. நாளைக்கு ஆளை வரவழைச்சு நோக்கணும்," என்றான் உடன் ஆராய்ச்சி செய்யும் மலையாளி டிஜோ. "பசிக்குது, நான் ஊணு கழிச்சுட்டு வரேன். நீ வரலையா?"

"நீ போ. ஹீலியம் தீரப்போறது. இன்னிக்கு விட்டா என் தீசிஸ் போச்சு."

அவன் கதவை இறுகச் சாத்திவிட்டுப் போனான். நேற்று யாருடைய பிறந்தநாளுக்கோ, இதே ஹீலியத்தைப் பலூனிலிருந்து உறிஞ்சிக் கீச்சுக்குரலில் பேசிக் கூத்தடித்தவன் அவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை. கஞ்சிக்கோடு ஊரை அடுத்த அந்தக் கல்லூரியில் ஈ காக்கை இல்லை. ஜன்னலில்லாத அறையில் ராஜஸ்ரீ தனியே உட்கார்ந்திருந்தாள்.

வருடக்கணக்காக அவளை ஆட்டிவைத்தது ஒரே கேள்வி. குறைகடத்தியின் மேற்பரப்பில் ஓடும்போது எலக்ட்ரானின் நிறை எவ்வளவாகத் தோன்றும்? திரவ ஹீலியத்தில் குளிரவைத்துக் காந்தப்புலத்தைக் கூட்டினால் திரைக்கோட்டில் அலைகள் எழும். சூடு ஏற ஏற அவை எப்படிச் சுருங்குகின்றன என்று பார்த்துத்தான் நிறையைக் கணக்கிட வேண்டும்.

எங்கோ மெல்லச் சீறும் சத்தம் கேட்டது. ஏசியாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அலைகள் பிசிறில்லாமல் எழுந்தன. விடை வந்தது. எல்லோரும் சொன்னதைவிட லேசான எலக்ட்ரான்! மறுபடி கணக்கிட்டாள், அதே எண்.

சந்தோஷத்தில் தலை கிறுகிறுத்தது. காலையில் சாப்பிடாதது வேறு. எழுந்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு தனக்குத்தானே சிரித்தாள்.

செல்போன் அடித்தது. கல்பாத்தியிலிருந்து அம்மா சேஷம்மாள். முதலில் அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும்.

"அம்மா! கெடைச்சுடுத்தும்மா!"

மறுமுனையில் அம்மா கொஞ்சலாகக் கேட்டாள்.

"ஆராக்கும் கொழந்தே நீ? ராஜஸ்ரீ அக்காட்ட போனைக் குடு."