ராட்டையைத் தூக்கிப் போனவள்

"கொடுத்த பரிசைப் போய் யாராவது திருப்பி வாங்குவாங்களா?" என்றான் படகுக்கார ஒயார்சோ, என் ரொட்டிக் கடை வாசலில் நின்றபடி.

"யாரு வாங்கினது?"

"நோல்ஃபாதான். நாம எல்லாம் சேர்ந்து எதெல்மிராக்காவுக்குக் கொடுத்தோமே, கம்பளி நூலை உருண்டையாச் சுத்துற மரராட்டை, அதைக் காலையில போய்க் கேட்டு வாங்கிட்டாளாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ராட்டைக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். நோல்ஃபா அதற்கு ஒரு பெசோகூடத் தரவில்லை.

எதெல்மிராக்கா போன குளிர்காலத்தில் புருஷனைப் பறிகொடுத்தவர். மகன் வேலைக்கென்று தெற்கே போய்விட்டான். அதிலிருந்து அவர் வீட்டில் தங்குவதே இல்லை. திங்கட்கிழமை கடற்கரை. செவ்வாய்க்கிழமை படகேறி எதிர்த் தீவுக்குப் போய்க் கூடை நிறைய முர்த்தாப் பழம் பறித்து வருவார். வியாழன் சந்தை. ஞாயிறு கோயில் முற்றம். எங்கே போனாலும் பையில் பின்னல் ஊசியும், வளையமாக மடித்த ஒரு சிட்டம் கம்பளி நூலும் இருக்கும்.

அந்தச் சிட்டம்தான் எங்களுக்கு வினை. அதை உருண்டையாகச் சுற்றினால்தான் பின்ன முடியும். சுற்றுவதற்கு, எதிரே ஒருவர் இரண்டு கையையும் நீட்டிச் சிட்டத்தை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

"தம்பி, கையைக் கொஞ்சம் நீட்டேன்" என்பார். நீட்டினால் தீர்ந்தது, அரை மணி நேரம் அசைய முடியாது. மூக்கு அரித்தாலும் அரித்ததுதான். தீவில் அன்னம் குஞ்சோடு நீந்தியது, மரப்பாசியை வேகவைத்துக் கம்பளிக்குச் சாயம் ஏற்றியது என்று எல்லாவற்றையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒயார்சோ அவரைத் தூரத்தில் கண்டாலே கவிழ்த்த படகுக்குப் பின்னால் போய்விடுவான். நான் அவசரமாக மாவுக்குள் கையை விட்டுக்கொள்வேன். நோல்ஃபா மட்டும் முகத்துக்கு நேரே சிடுசிடுப்பாள். "எனக்கு வேலை கிடக்கு. வந்து கட்டிப்போடாதீங்க."

அதனால்தான், ஆள் கைக்குப் பதிலாகச் சிட்டத்தை மாட்டிக்கொள்ளும் அந்த ராட்டையை வாங்கினோம். "இனிமே நீங்க யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்க்கா" என்று நானே கையில் கொடுத்தேன். அவர் அதைத் தடவிப் பார்த்தார். "நல்ல வேலைப்பாடு" என்றார். கண் கலங்கியிருந்தது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாவுக் கையோடு நோல்ஃபா வீட்டுக்குப் போனேன். அடுப்புக்கு மேலே, புகையில் உலர்வதற்காகச் சிப்பிக்கறி கோத்த சரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

"ராட்டை எங்க?"

"அடுப்புல."

குனிந்து பார்த்தேன். விறகோடு விறகாகப் பாதி எரிந்துபோயிருந்தது.

"உனக்கு மனசாட்சி இருக்கா நோல்ஃபா? அவங்ககிட்ட என்ன சொல்லி வாங்கின?"

"எனக்கு வேணும்னு கேட்டேன். மறுபேச்சு பேசாம எடுத்துக் கொடுத்துட்டாங்க."

"ஏன், அது சரியா வேலை செய்யலையா?"

"நல்லாத்தான் செஞ்சுது. அதான் அடுப்புல வச்சேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் சரத்தை மாட்டிவிட்டுத் திரும்பினாள்.

"ராட்டை கொடுத்த இந்த ரெண்டு வாரமா அவங்களை எங்கயாவது பார்த்தியா நீ?"

யோசித்தேன். கடற்கரையிலும் இல்லை, சந்தையிலும் இல்லை. நிம்மதியாக இருந்ததே தவிர, ஏன் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"காலையில சிப்பி கொடுக்கப் போனேன். மேசை மேல பதினெட்டு உருண்டை சுத்தி வச்சிருக்காங்க. பின்னல்ல ஒரு வரிசை ஏறல. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கிட்டிருக்காங்க."

"அதுக்காக எரிச்சுடுவியா? இனிமே கம்பளிக்கு என்ன பண்ணுவாங்க?"

"நாற்பது வருஷமாப் பின்றாங்க சுலேமா. நாற்காலி முதுகுல சிட்டத்தை மாட்டிச் சுத்தத் தெரியாதா அவங்களுக்கு? வீட்டுல நாலு நாற்காலி இருக்கு. உட்காரத்தான் ஆள் இல்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் காலில் இருந்த காலுறை எதெல்மிராக்கா பின்னியது. அந்தக் கம்பளியைச் சுற்றக்கூட நான் கை நீட்டியதில்லை. வெட்கமாக இருந்தது.

கதவு மெல்லத் தட்டப்பட்டது. நோல்ஃபா போய்த் திறந்தாள். மழைத் துளியோடு எதெல்மிராக்கா நின்றிருந்தார், தோளில் அதே பை.

"நோல்ஃபா, ஒரே ஒரு சிட்டம் சுத்தாம நின்னு போச்சு..." என்றவர் என்னைப் பார்த்ததும் தயங்கினார். "ரெண்டு பேரும் வேலையா இருக்கீங்க போல. நான் அப்புறம் வரேன்."

"வேலை கிடக்குதான்" என்று நோல்ஃபா முணுமுணுத்தபடியே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவள் அதில் உட்காருவதற்குள் நான் உட்கார்ந்துவிட்டேன். கையிலிருந்த மாவைப் பாவாடையில் துடைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினேன்.

"மெதுவாவே சுத்துங்கக்கா."