காப்புப் பதக்கம்

"இந்த ஆளு இருக்கணும், இல்லை நாங்க இருக்கணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க!"

எசினாம் அக்கா முற்றத்தின் நடுவில் நின்று கத்தினார். ஏழு குடித்தனமும் கூடிவிட்டது. பாங்குக் களி கிண்டிக்கொண்டிருந்தவர்கள் துடுப்போடு வந்திருந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் தலையைச் சொறிந்தார்.

குற்றவாளி கஃபூயி, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். அங்குள்ள கதிர்வீச்சைச் சட்டையோடு வீட்டுக்குக் கொண்டுவருகிறாராம்.

"என் பதக்கம் மட்டும் இல்லேன்னா இந்நேரம் இந்த முற்றமே சுடுகாடு!"

கதிர்வீச்சைத் தடுக்கும் கறுப்புக் கல் பதக்கம். விற்றது எசினாம் அக்காதான். எல்லார் கழுத்திலும் தொங்கியது. என் ஆறு மாத மகள் டெலாலி கழுத்திலும்தான்.

"சட்டையில ஒட்டிக்கிட்டு வர அது என்ன மூட்டைப்பூச்சியா?" என்று எப்போதும் சிரிப்பார் கஃபூயி. அன்று சிரிக்கவில்லை. டெலாலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா சொல்றது நிஜம்தான்," என்றார்.

துடுப்போடு வந்தவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

"என் கதிர்வீச்சு பூரா உங்க பதக்கத்துல ஊறிப்போச்சு. இனி தாங்காது, வெளிய கக்கும். கழட்டிக் குடுங்க, கொண்டுபோயிடறேன். நானும் போயிட்டா உங்களுக்குப் புதுசும் தேவைப்படாது."

"பார்த்தீங்களா! அவர் வாயாலயே வந்துடுச்சு!" எசினாம் அக்கா கைதட்டினார்.

ஐந்தே நிமிடத்தில் பால்மாவு டப்பா நிறைந்தது. விற்காமல் வைத்திருந்ததையும் அக்கா பயந்துபோய்க் கொண்டுவந்து கொட்டினார்.

அவருடைய துணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேன் நிற்கும் இடம்வரை நான் கூடப் போனேன்.

"ஏண்ணே, பச்சைக் குழந்தை இருக்கிற இடம்னு தெரியாதா உங்களுக்கு?"

அவர் கதிர்வீச்சு அளக்கும் சின்னக் கருவியைப் பையிலிருந்து எடுத்தார். தன் சட்டைமேல் வைத்தார். எப்போதாவது ஒரு 'டிக்'. அவ்வளவுதான்.

டப்பாவைத் திறந்து அதன்மேல் வைத்தார். கருவி படபடவென்று அலறியது.

"கல்லுலயேதான் இருக்கு தம்பி. வாங்கும்போதே இருந்தது."

நான் டப்பாவைச் சட்டென்று மூடினேன். "இதை அங்கேயே காட்டியிருக்கலாமே!"

"போன மாசமே அக்காகிட்ட காட்டினேன். 'அடேயப்பா, எவ்வளவு சக்தி!'ன்னு அன்னிக்கே இன்னும் நாலு வித்தாங்க. உன் வீட்டுக்கும் சொல்ல வந்தேன். நீ கதவைத் திறக்கலை."

டெமா போகும் வேன் வந்தது. டப்பாவை அணைத்துக்கொண்டு ஏறினார்.

"இன்னிக்குப் பொய் சொன்னேன். அஞ்சே நிமிஷத்துல நம்பிட்டீங்க."