நாலு தடவை பார்த்தவர்கள்

“ஃபர்ஸ்ட் பார்ட்டோட கால் தூசிக்கு வராது சார் இது!”

தியேட்டர் கதவைத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாக வெளியே வந்த கண்ணாடிக்காரர் இப்படிச் சொன்னதும், ஓரமாகத் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்ற இயக்குநர் அதை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார். இரண்டு வருட உழைப்பு. பேயும் சிரிப்புமாக அவர் எடுத்து ஓகோவென்று ஓடிய பழைய படத்தின் இரண்டாம் பாகத்தை, வெளியிடுவதற்கு முன் ஜனங்களுக்குப் போட்டுக் காட்டும் முதல் காட்சி அது.

பக்கத்தில் தயாரிப்பாளர் நின்றார். வேறு யாருமில்லை, மனைவியின் அண்ணன்தான். “ஜனங்க நல்லா இருக்குன்னா ரிலீஸ், இல்லேன்னா படம் பெட்டிக்குள்ளயே தூங்கட்டும்” என்று காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டவர்.

“எது சார் பிடிக்கல?” என்று கண்ணாடிக்காரரை மடக்கினார் மச்சான்.

“முதல் படத்துல பேய் மாடிப்படியில உருண்டு வருமே, அன்னைக்கு வயிறு வலிக்கச் சிரிச்சோம். இதுலயும் உருளுது. எனக்கு உதடுகூட அசையல.”

ரசிகர்கள் கேட்டார்களே என்று இயக்குநர் மெனக்கெட்டு மறுபடியும் வைத்த காட்சி அது. உருண்டவருக்கு இன்னும் இடுப்பு நிமிரவில்லை.

விவரம் தெரியாதவர்கள் என்று இவர்களை ஒதுக்கவும் முடியாது. முதல் பாகம் வந்து பத்து வருடம் ஆயிற்றே, மறந்திருப்பார்களோ என்று அதையும் கூடவே கொண்டு வந்திருந்தார்கள். “பார்க்காதவங்க கை தூக்குங்க” என்று படம் போடுவதற்கு முன் மச்சான் கேட்டபோது ஒரு கைகூட எழவில்லை.

“நாலு தடவை பார்த்தாச்சு சார்!” என்றது ஒரு குரல். “வசனமே மனப்பாடம்!” என்றது இன்னொன்று.

“அப்ப நேரா செகண்ட் பார்ட்டுக்குப் போயிடலாம்” என்று சொல்லிவிட்டு மச்சான் மேனேஜர் அறைக்குப் போன் பேசப் போனார். இயக்குநர் தெருவுக்குப் போனார். தன் படத்தை ஜனங்களோடு உட்கார்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் கிடையாது. எவனாவது கொட்டாவி விட்டால் நெஞ்சே நின்றுவிடும். படம் முடியும்வரை தியேட்டரைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருப்பார்.

இப்போது ஒரு தம்பதி வெளியே வந்தார்கள். “பழைய குருடி கதவைத் திறடி கதைதான்” என்றார் கணவர், கேட்பதற்கு முன்பே.

“பேய் எங்கேருந்து வரும்னு எனக்கு முன்கூட்டியே தெரிஞ்சிடுச்சு” என்றார் மனைவி. “ஆனா அந்த ஹீரோ இருக்காரே, பத்து வருஷத்துல ஒரு சுருக்கம் விழல. மனுஷன் அப்படியே இருக்கார்!”

அந்த ஒரு வார்த்தைதான் இயக்குநர் காதில் தேனாக விழுந்தது. ஹீரோவின் தொப்பையையும் வழுக்கையையும் மறைக்க அவரும் மேக்கப்மேனும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மேக்கப்மேனாவது பிழைத்தான் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. பாப்கார்ன் பொட்டலத்தோடு வந்த கல்லூரிப் பெண் நேராக அவரிடமே வந்து நின்றாள். அவர் யாரென்று அவளுக்குத் தெரியாது.

“நீங்களும் பார்த்தீங்களா அங்கிள்? பயமுறுத்துற இடத்துல சிரிப்பு வருது, சிரிக்க வேண்டிய இடத்துல பக்குனு இருக்கு.”

“அதுக்குத்தானேம்மா இந்த மாதிரிப் படமே எடுக்கறது!” என்று வெடித்தார் இயக்குநர்.

“ஃபர்ஸ்ட் பார்ட்ல அது அளவா இருந்துச்சு அங்கிள். இதுல ஓவர். டைரக்டருக்குச் சரக்கு தீர்ந்துபோச்சு, பாவம்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தப் ‘பாவம்’ வெந்த புண்ணில் வேலாகப் பாய்ந்தது. இதில் அங்கிள் வேறு.

மச்சான் அவரைத் தூண் மறைவுக்குக் கூட்டிப்போனார். “மாப்ளே, ஒருத்தர் ரெண்டு பேர் சொன்னா பொறாமைன்னு தள்ளிடலாம். வந்தவங்க பூரா ஒரே பாட்டைப் பாடறாங்களே. அந்தப் படத்தை எடுத்த கையா இது?”

இயக்குநருக்கு உச்சந்தலை வரை எரிந்தது. குடும்பக் கதை ஒன்று எடுக்கிறேன் என்று கெஞ்சியவரைப் பேய்தான் போணியாகும் என்று இழுத்து வந்ததே இந்த மச்சான்தான். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும் என்று அவரும் ஏறினார். ஏறி உட்கார்ந்த பிறகு மரத்தையே வெட்டினால் எப்படி?

“என்ன செய்யலாங்கறீங்க மச்சான்?”

“பெட்டியிலயே கிடக்கட்டும். தங்கச்சிகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கறேன்.”

சண்டை போடத்தான் வாயைத் திறந்தார். ஆனால் இத்தனை பேர் ஒன்றுபோலச் சொன்னால் கோளாறு தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று அவருக்கே தோன்றிவிட்டது. தொப்பியைக் கழற்றிக் கசக்கினார்.

“சரி மச்சான். எனக்கு இனிமே படம் எடுக்க வராது. இதோட விட்டுடுங்க.”

மச்சான் அவர் தோளில் கையைப் போட்டார். அப்போது மாடி அறையிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தார் படம் ஓட்டும் ஆபரேட்டர். வாசலில் கலைந்துகொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்.

“என்ன சார், எல்லாரும் கிளம்பிட்டாங்க? காலையில நீங்க ரெண்டு படத்தையும் வரிசையா ஓட்டச் சொன்னீங்க, இப்பதான் ஃபர்ஸ்ட் பார்ட்டே முடிஞ்சிருக்கு!”