மிதிக்கப் போகிற கால்

“அண்ணா, இருக்கிறதுலயே டைட்டான ரேஸ் கிளட்ச் போட்டுடுங்க. வெல எவ்ளோ ஆனாலும் பரவால்ல.”

மேட்டுப்பாளையம் ஒர்க்‌ஷாப்பில் ஹரிகிருஷ்ணன் இப்படிக் கேட்டதும் மெக்கானிக் ஆதிமூலம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ரேஸ் டிராக்கில் பறந்துவிட்டு, திங்கட்கிழமை அதே காரில் ஆபீசுக்கு ஊர்ந்து போகிற ஆட்களை அவர் நிறையவே பார்த்திருக்கிறார்.

“டிராக்குக்குப் போவீங்களா தம்பி?”

“மாசம் ரெண்டு தடவண்ணா. பழைய கிளட்ச் தாங்கல, ஸ்லிப் ஆவுது.”

ஆதிமூலம் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்.

“இது முழு ரேஸ் கிளட்ச். பெடல் கல்லு மாதிரி இருக்கும். காலை எடுத்தா வண்டி குதிக்கும். நெல்லித்தோப்பு நெரிசல்ல பத்து தடவ மிதிச்சீங்கன்னா முட்டி கழண்டுடும். இன்னொன்னு ரோட்டுக்கும் டிராக்குக்கும் ரெண்டுக்கும் ஆனது. மிதிக்க லேசு, சூட்டையும் தாங்கும். உங்களுக்கு இதான் சரி.”

“இல்லண்ணா, அந்தக் கல்லையே போடுங்க.”

ரேஸ் பைத்தியம் முற்றினால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார் ஆதிமூலம்.

“மத்த நாள்ல வண்டிய யாரு ஓட்டுறது?”

“என் ஒய்ஃப். நாந்தான் கத்துக் குடுத்தேன். லைசென்ஸ் வாங்கி ஒரு மாசம் ஆவுது. இப்ப சாவிய நானே அவகிட்ட கேட்டுதான் வாங்க வேண்டியிருக்கு!” என்று சிரித்தான்.

“அப்ப அவங்கள வரச் சொல்லுங்க.”

“அவ எதுக்குண்ணா?”

“தெனம் மிதிக்கிறவங்க வந்து மிதிச்சுப் பாக்காம நான் எந்தக் கிளட்சும் மாத்துறதில்ல. இருவது வருஷப் பழக்கம்.”

 ஹரிகிருஷ்ணன் வேறு வழியில்லாமல் அவளுக்குப் போன் செய்தான்.

தேவிப்பிரியா ஆட்டோவில் வந்து இறங்கினாள். அதே ரேஸ் கிளட்ச் போட்ட வேறொரு கார் ஓரமாக நின்றிருந்தது. ஆதிமூலம் அதில் அவளை உட்கார வைத்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து மிதித்தாள். பெடல் பாதிதான் இறங்கியது.

“என்னால முடியலண்ணா. பரவால்ல, பழையபடி ரெண்டு பஸ் மாறி தவளக்குப்பம் ஸ்கூலுக்கு வேலைக்குப் போயிடுறேன். இந்த ஒரு மாசமாதான் கொஞ்சம் மூச்சு விட்டேன்.”

 ஆதிமூலத்துக்கு மனசு கேட்கவில்லை.

“நானே தெனம் கொண்டுபோய் விடுறேன்னு சொன்னேன்ல, தேவி?” என்றான் ஹரிகிருஷ்ணன், ரொம்பக் கரிசனமாக.

“எதுக்கும்மா பஸ்? மிதிக்க லேசான கிளட்ச் ஒண்ணு இருக்கு, அதுவே போதும். இவரு டிராக்ல ஓட்டுறது மாசம் ரெண்டு தடவதானே?” என்றார் ஆதிமூலம்.

தேவிப்பிரியா புரியாமல் கணவனைப் பார்த்தாள்.

“டிராக்கா? ஹெல்மெட்டு, ரேஸ் டிரஸ்ஸு எல்லாத்தையும் போன தீபாவளிக்கே வித்துட்டாரேண்ணா! இந்தக் காருக்கு இனிமே இப்படி டைட்டான கிளட்ச்தான் வருதுன்னு சொன்னாரு.”

ஹரிகிருஷ்ணன் செல்போனில் எதையோ தேட ஆரம்பித்தான்.

 ஆதிமூலம் ரேஸ் கிளட்ச் பெட்டியைத் தூக்கி அலமாரியில் வைத்தார். மற்றதைப் பிரித்தார்.

“நாளைக்கு சாயங்காலம் நீங்களே வாங்கம்மா. சாவிய உங்க கையிலதான் குடுப்பேன்.”